வலி ஊசியின் அளவு



தோட்டத்து மக்களாகிய நமக்கு ஆஸ்பத்திரி புதிய இடமன்று. செம்பனைக் குலை தோளில் விழுந்தது, மட்டை சரிந்து காலை முறித்தது, மழைநாளில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது ஏதோ ஒரு வீட்டார் ஜொகூர் பாருவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அப்படி ஓடிய ஓர் இரவைச் சொல்லி, அதிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் குடியிருப்பது பெர்மாஸ் ஜெயாவில். பாடம் சொல்லிக் கொடுப்பது கோத்தா திங்கி சாலைப் பக்கம் உள்ள ஒரு தோட்டப் பள்ளியில். அந்தத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவருக்கு மட்டை விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அவருடைய அக்காள் வீடு எங்கள் தெருவில்தான். மாலை மங்கும் நேரத்தில் அவருடைய மைத்துனர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், நீங்களும் கொஞ்சம் வாங்க. மலாய்ல பேச ஆள் வேணும்" என்றார். தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு தாதி பெரிய ஊசிக்குழல் ஒன்றை எடுத்து வந்தார். அதில் தண்ணீர் போன்ற மருந்து நிறைய இருந்தது. கையில் பொருத்தியிருந்த குழாய் வழியே அதில் மிகக் கொஞ்சம், ஒரே ஒரு கோடு அளவுதான் செலுத்தினார். பிறகு நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிபட்டவரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறார். மைத்துனருக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், கேளுங்க இந்த மிஸ்ஸிகிட்ட. குழல் நிறைய மருந்து வெச்சிருக்காங்க. ஒரு சொட்டு போட்டுட்டு நிறுத்துறாங்க. நாம தோட்டத்து ஆளுங்கன்னா இவ்வளவுதானா?" என்றார்.

நேயர்களே, அந்தக் கேள்வியை நான் அவரிடம் தவறு என்று சொல்லவில்லை. எத்தனையோ இடங்களில் நம்மவர் கடைசி வரிசையில் நின்றவர்கள்தாமே. ஆனால் அன்று அந்தத் தாதி செய்தது கஞ்சத்தனமும் அல்ல, அலட்சியமும் அல்ல. அந்தச் சிறிய அளவில்தான் அவருடைய உயிருக்குப் பாதுகாப்பு இருந்தது. அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்று பார்ப்போம். மாத்திரையை விழுங்கினால் அது வயிற்றில் கரைந்து, குடலில் ஊறி, ஈரலைக் கடந்து இரத்தத்தில் சேர அரைமணி நேரம், ஒருமணி நேரம் ஆகிவிடும். தொடையிலோ புஜத்திலோ குத்தும் ஊசி சதையிலிருந்து மெல்ல மெல்ல இரத்தத்தில் கசியும். சிலருக்கு விரைவாக, சிலருக்குத் தாமதமாக, ஒரே சீராக இராது. மூன்றாவது வழி, நாம் 'நரம்பு ஊசி' என்று சொல்வது. உண்மையில் அது நரம்பு அன்று. கையின் மேல்புறம் நீலமாகத் தெரிகிறதே, அது இரத்தக் குழாய். சிரை என்று அதற்குப் பெயர். அந்த வழியாகச் செலுத்தும் மருந்து நேரே இதயத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கும் மற்ற இடங்களுக்கும் பரவிவிடுகிறது. சில நிமிடங்களிலேயே வலி குறையத் தொடங்கும்.

விரைவு நல்லதுதான். ஆனால் விழுங்கிய மாத்திரையைச் சில வேளை வாந்தியாவது எடுக்க வைக்கலாம். சிரைக்குள் போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. வில்லை விட்ட அம்பு போலத்தான் அது. ஆகவே விடுமுன் அளக்க வேண்டும். விட்டபின் வருந்திப் பயனில்லை.

கடும் வலிக்குத் தரப்படும் மருந்துகளுள் முக்கியமானது மார்ஃபின். அபினியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது நடந்தது. அந்த மருந்தைத் தானும் உண்டு, இளைஞர் சிலருக்கும் கொடுத்துப் பார்த்தபோது அளவு மிஞ்சி எல்லாரும் நஞ்சுண்டவர்போல் ஆபத்துக்குள்ளாயினர். மருந்து பிறந்த காலத்திலேயே அளவைப் பற்றிய எச்சரிக்கையும் உடன் பிறந்துவிட்டது என்று சொல்லலாம். 1853ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் அலெக்சாந்தர் வுட் என்ற மருத்துவரும், பிரான்சில் பிரவாஸ் என்ற மருத்துவரும் தனித்தனியே ஊசிக்குழலைப் பயன்படுத்தத் தொடங்கினர். அதன் பிறகுதான் மருந்தை உடம்புக்குள் அளந்து செலுத்தும் வழி பிறந்தது.

மார்ஃபின் வலியை மட்டும் அடக்குவதில்லை. அளவு மிஞ்சினால் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியையும் தூங்க வைத்துவிடும். ஆள் குறட்டை விட்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மூச்சோ நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த மருந்துக்கு அப்படியே பொருந்துகிறது.

சரி, அந்த அளவு எவ்வளவு சிறியது? ஒரு தேக்கரண்டி உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 5 கிராம் இருக்கும். அதை 5,000 சம பாகமாகப் பிரித்தால் ஒரு பாகம் 1 மில்லிகிராம். அடிபட்டவருக்குத் தாதி முதலில் செலுத்திய மார்ஃபின் அவ்வளவுதான். ஃபென்டானில் என்று இன்னொரு மருந்து உண்டு. அது மார்ஃபினைவிடப் பல மடங்கு வலியது. அதை மில்லிகிராமில்கூட அளப்பதில்லை. மைக்ரோகிராமில் அளக்கிறார்கள். 1 மில்லிகிராமை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 1 மைக்ரோகிராம். இந்த இரண்டு பெயரையும் மாற்றி எழுதிவிட்டால் தவறு ஒரு மடங்கு இரு மடங்கு அன்று, ஆயிரம் மடங்கு. அதனால்தான் 'மைக்ரோகிராம்' என்ற சொல்லைச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும் என்று தாதியருக்குக் கற்பிக்கிறார்கள். புள்ளி வைத்து எழுதும்போதும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அரை மில்லிகிராம் என்றால் முன்னால் பூஜ்யம் இட்டு 0.5 என்று எழுத வேண்டும். வெறும் புள்ளி 5 என்று எழுதினால், புள்ளி மங்கிப் போய் 5 ஆகிவிடும். ஒரு மில்லிகிராம் என்றால் 1 என்று மட்டும் எழுத வேண்டும். 1.0 என்று எழுதினால், புள்ளி மறைந்து 10 ஆகிவிடும். பிள்ளைகள் கணக்கில் புள்ளியை மறந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். மருத்துவமனையில் புள்ளி மறைந்தால் குறைவது மதிப்பெண் அன்று.

நம்முடைய பேச்சிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. "மில்லி" என்று சொல்லிவிடுகிறோம். "பத்து மில்லி மருந்து கொடுத்தாங்க" என்றால் எந்த மில்லி? மில்லிகிராமா, மில்லிலிட்டரா? மில்லிகிராம் மருந்தின் எடை. மில்லிலிட்டர் அது கரைந்திருக்கும் நீரின் அளவு. இரண்டும் வேறு.

இதைப் பால்மரம் வெட்டிய நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. வாளி நிறையப் பால் கொண்டுபோனால் ஸ்டோரில் வாளியை மட்டுமா பார்த்தார்கள்? மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்தார்கள் அல்லவா? மழைத்தண்ணீர் மங்கில் விழுந்தால் பாலின் அளவு கூடும், உள்ளே இருக்கும் ரப்பர் கூடாது. வாளி பெரிதாகத் தெரியும், சரக்கு அதே சரக்குதான். ஊசிக்குழலுக்கும் இதே கணக்குத்தான். குழல் நிறைய இருந்தது என்பதால் மருந்து நிறைய இருந்தது என்று பொருள் அல்ல. பெரும்பகுதி வெறும் உப்புநீர்.

அந்த உப்புநீரை ஏன் கலக்கிறார்கள்? இதுதான் இன்றைய பேச்சின் நடுப்பகுதி. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மார்ஃபின் சிறிய கண்ணாடிக் குப்பியில் வருகிறது. பொதுவாக நம் மருத்துவமனைகளில் உள்ள குப்பியில் 1 மில்லிலிட்டர் நீரில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். நோயாளிக்கு வேண்டியது 1 மில்லிகிராம். அப்படியானால் குப்பியிலிருந்து பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். அது ஏறக்குறைய இரண்டு சொட்டு. இரண்டு சொட்டில் அரைச் சொட்டு கூடிவிட்டால்கூடக் கால் பங்கு அதிகமாகிவிடுகிறது. அதோடு, ஊசிக்குழலின் மூக்கிலும் ஊசித் துளையிலும் எப்போதும் கொஞ்சம் மருந்து தங்கி நிற்கும். அந்த மருந்தைக் குழலின் கோடுகள் காட்டுவதில்லை. இரண்டு சொட்டு எடுக்கும் இடத்தில் அதுவே பெரிய பங்காகிவிடும்.

ஆகவே தாதி என்ன செய்கிறார்? 10 மில்லிலிட்டர் பிடிக்கும் குழலில் 1 மில்லிலிட்டர் மார்ஃபினையும் 9 மில்லிலிட்டர் சுத்தமான உப்புநீரையும் எடுத்துக் கலக்கிறார். இப்போது 10 மில்லிலிட்டர் நீரில் 10 மில்லிகிராம் மருந்து. அப்படியென்றால் 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம். கணக்கு எளிதாகிவிட்டது. 1 மில்லிகிராம் வேண்டுமா, 1 மில்லிலிட்டர் செலுத்தினால் போதும். அரை மில்லிகிராம் வேண்டுமா, அரை மில்லிலிட்டர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு, கை நடுக்கம் கெடுக்க முடியாத அளவு.

என் மாணவர்களிடம் இதைக் கேட்டால் சிலர் "1 மில்லிலிட்டர் மருந்தோடு 10 மில்லிலிட்டர் உப்புநீர் கலக்கலாம் சார்" என்பார்கள். அது தவறு. கூட்டினால் 11 ஆகிவிடும். 10 ஆக வேண்டுமானால் கலப்பது 9தான். இன்னொன்று, குப்பியில் சில வேளை 1 மில்லிலிட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே அடைத்திருப்பார்கள். குப்பியைக் காலி செய்யும் எண்ணத்தில் இழுக்கக் கூடாது. கோட்டில் நிறுத்த வேண்டும்.

ஃபென்டானிலுக்கும் இதே முறைதான். ஒரு குப்பியில் 2 மில்லிலிட்டர் நீரில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மில்லிலிட்டர் உப்புநீர் சேர்த்தால் மொத்தம் 10 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மருத்துவர் 25 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால் எத்தனை மில்லிலிட்டர்? வீட்டில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இப்போதே கேட்டுப் பாருங்கள். வேண்டிய அளவை, ஒரு மில்லிலிட்டரில் உள்ள அளவால் வகுக்க வேண்டும். 25 வகுத்தல் 10, விடை 2.5 மில்லிலிட்டர். இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நாளை வெள்ளைச் சீருடை அணிந்து நின்றால், பள்ளியில் படித்த இந்த வகுத்தல்தான் அவள் கையில் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

கலந்தால் மட்டும் போதாது. குழலை மேலும் கீழுமாகச் சாய்த்து நன்றாகக் கலக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம் நின்றுவிடும். காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். அளவைப் பார்க்கும்போது குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் கோடு தள்ளித் தெரியும். குழலுக்குள் போகும் தண்டின் நுனியில் கறுப்பு ரப்பர் இருக்கிறதே, அதன் கூம்பைப் பார்க்கக் கூடாது. குழலின் சுவரைத் தொட்டு நிற்கும் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுவே அளவு. ஒவ்வொரு குழலிலும் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள மதிப்பு வேறுபடும். 1 மில்லிலிட்டர் குழலில் ஒரு சிறு கோடு 0.01 மில்லிலிட்டர். பெரிய குழல்களில் அது 0.1 ஆகவோ 0.2 ஆகவோ இன்னும் கூடுதலாகவோ இருக்கும். நீரிழிவுக்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் இன்சுலின் குழலில் கோடுகள் 'யூனிட்' கணக்கில் இருக்கும். அதை வேறு மருந்துக்குப் பயன்படுத்தினால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

கலந்த குழலின் மேல் உடனே ஒரு சீட்டை ஒட்டுகிறார்கள். மருந்தின் பெயர், ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு, நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கும். உப்புநீரும் மார்ஃபினும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் சீட்டில்லாத குழலை நம்புவதில்லை.

அன்று மைத்துனர் இன்னொன்றும் கேட்டார். "ரெண்டு மிஸ்ஸி வந்து நின்னு என்னமோ பேசிக்கிறாங்க. இவரு பேரைத் தெரிஞ்சுகிட்டே திரும்பத் திரும்பக் கேக்கிறாங்க. இது எதுக்கு சார்?" என்றார். இதற்கும் காரணம் உண்டு. மார்ஃபின் போன்ற மருந்துகள் 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றைப் பூட்டிய அலமாரியில் வைக்கிறார்கள். ஒவ்வொரு குப்பிக்கும் பதிவேட்டில் கணக்கு இருக்கிறது. ஒருவர் கலக்கும்போது மற்றொருவர் கூட நின்று மருந்தையும் கணக்கையும் தனியே சரிபார்க்கிறார். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணுக்குப் படும். பெயரை நோயாளியின் வாயாலேயே சொல்லச் சொல்லி, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிடுகிறார்கள். நம்மில் ஒரே பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது! ஒரே வார்டில் இரண்டு முனியாண்டி, மூன்று லெட்சுமி இருந்தால் தகப்பனார் பெயரும் அடையாள அட்டை எண்ணும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். ஆகவே பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் பத்து முறையும் சொல்லுங்கள்.

இனி மருந்தைச் செலுத்தும் முறைக்கு வருவோம். கையில் பொருத்தியிருக்கும் மெல்லிய குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று முதலில் கொஞ்சம் உப்புநீரைச் செலுத்திப் பார்க்கிறார்கள். வீக்கமோ எரிச்சலோ இருந்தால் வேறு இடம் தேட வேண்டும். பிறகு மருந்தை நிதானமாகச் செலுத்துகிறார்கள். அதன்பின் மறுபடியும் உப்புநீர். இந்தக் கடைசி உப்புநீர் எதற்கென்று பலருக்குத் தெரியாது. சிறிய அளவு மருந்தில் ஒரு பகுதி அந்தக் குழாயிலேயே தங்கிவிடலாம். நோயாளிக்கு வலி குறையாது. பிறகு யாராவது அதே குழாயில் வேறு மருந்தைச் செலுத்தும்போது, தங்கி நின்றது எதிர்பாராத நேரத்தில் உள்ளே போய்விடும். ஆகவே கொடுத்த மருந்து முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்று உறுதி செய்யவே அந்த உப்புநீர்.

அதற்குப் பிறகு தாதி கடிகாரத்தைப் பார்த்து நின்றார் என்றேன் அல்லவா? அவர் சும்மா நிற்கவில்லை. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் கடும் வலிக்கு மார்ஃபின் கொடுக்கும் முறையில், பொதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு மில்லிகிராம், முதியவர்களுக்கு அரை மில்லிகிராம் என்று செலுத்திவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மூச்சை எண்ணுகிறார்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்கும். ஆள் தெளிவாக இருக்கிறாரா, மயங்குகிறாரா என்றும் பார்க்கிறார்கள். பிறகு வலி எவ்வளவு என்று கேட்கிறார்கள். வலி இன்னும் அதிகம், மூச்சு நன்றாக இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறார் என்றால் இன்னொரு மில்லிகிராம். வலி குறைந்துவிட்டாலோ தூக்கம் மிகுந்தாலோ மூச்சுக் குறைந்தாலோ நிறுத்திவிடுகிறார்கள். ஒருவருக்கு 3 மில்லிகிராம் போதும், அதே எடையுள்ள இன்னொருவருக்கு 8 தேவைப்படும். யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. படி படியாக ஏறிப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். குழம்புக்கு உப்புப் போடும் தாய்மார்களுக்கு இது தெரியும். குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியாது.

கூடிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஆயத்தமாகவே இருக்கிறார்கள். நலாக்ஸோன் என்னும் மாற்று மருந்து உண்டு. மார்ஃபினின் வேலையை அது தடுக்கும். அதையும் நீரில் கலந்து சிறிது சிறிதாகவே கொடுக்கிறார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் அடங்கிய வலி முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி வந்துவிடும்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சில வேளை ஒரு பொறியை இணைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுக்கிறார்கள். வலிக்கும்போது நோயாளி அழுத்தினால் ஒரு சிறிய அளவு மருந்து போகும். பிறகு குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு, எத்தனை முறை அழுத்தினாலும் பொறி மருந்து கொடுக்காது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மருந்து கூடித் தூக்கம் வந்துவிட்டால் நோயாளியின் விரல் பொத்தானை அழுத்தாது. மருந்து தானாகவே நின்றுவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகனோ, "பாவம், தூங்கி எழுந்தா வலிக்குமே" என்று அன்பினால் அழுத்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு உடைந்துபோகும். பொத்தானை நோயாளி ஒருவர்தாம் அழுத்த வேண்டும். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்.

இத்தனை அளவுகளையும் சொன்ன நான், அளக்க முடியாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வலி. மருந்தைக் குழலால் அளக்கலாம். மூச்சைக் கடிகாரத்தால் எண்ணலாம். வலியை அளக்க எந்தக் கருவியும் இல்லை. படுத்திருப்பவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. நம் சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக அறிவித்தது. காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் கேட்டு எழுத வேண்டும் என்பது அதன் பொருள். 0 முதல் 10 வரை எண் கேட்கிறார்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் இதற்குமேல் ஒரு வலி இருக்க முடியாது என்னும் நிலை.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்தபோது அவரிடம் எண் கேட்டார்கள். "பரவாயில்லம்மா" என்றார். மறுபடி கேட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்றார். பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா தேறிவிட்டார் என்று எண்ணி மகிழ்ந்தேன். இரவு பணிக்கு வந்த ஒரு தாதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கட்டிலின் இரும்புக் கம்பியை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்தத் தாதி மெல்லக் குனிந்து, "பாக்சிக், இருமிப் பாருங்கள்" என்றார். இரும முடியவில்லை. அப்போதுதான் அப்பா "எட்டு" என்றார். நாள் முழுவதும் எட்டு. கேட்டால் தொல்லை கொடுப்பதாகும் என்று நினைத்திருக்கிறார். வலியால் மூச்சை ஆழ இழுக்காமல், இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும் என்பதை அந்தத் தாதி சொன்ன பிறகுதான் நான் அறிந்தேன்.

படித்த மகன் பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே சொல்கிறேன். தாங்கிக்கொள்வது தோட்டத்தில் நம்மைக் காப்பாற்றிய குணமாக இருக்கலாம். மருத்துவமனைக் கட்டிலில் அது நமக்கு உதவாது. எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கள். இரண்டு என்றால் இரண்டு என்றே சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் மருந்து கூடும், குறைத்துச் சொன்னால் வலி கூடும். எண் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முகப் படங்கள் இருக்கின்றன. சிரிக்கும் முகம், அழும் முகம் என்று தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

"இந்த ஊசிக்கு அடிமையாகிவிடுவோமோ" என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது. எலும்பு முறிவுக்கோ அறுவைக்கோ மருத்துவக் கண்காணிப்பில் சில நாட்கள் அளந்து கொடுக்கும் மருந்தால் ஒருவர் அடிமையாவது அரிது. அந்த அச்சத்தால் வலியோடு கிடக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவரையே கேளுங்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை சில உண்டு. நோயாளியின் வயதையும் எடையையும் சரியாகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எடையைக் கொண்டே மருந்து கணக்கிடுவதால், தெரியாவிட்டால் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். மார்ஃபினின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தூக்க மாத்திரை, மதுப்பழக்கம், நாட்டு மருந்து, முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவானாலும் சொல்லுங்கள். சம்சு குடித்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கலாம். சொல்லாவிட்டால் ஆபத்து. ஊசி போட்ட பிறகு, ஆளை எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, வழக்கத்துக்கு மாறாகக் கனத்த குறட்டை, உதடு நீலம் என்று எதைக் கண்டாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். தூங்குகிறாரே, தொந்தரவு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். சொட்டு மருந்தின் திருகையும் பொறியையும் நீங்களாகத் தொடாதீர்கள். புரியாததைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கோபத்தோடு கேட்பதைவிடப் பொறுமையோடு கேட்டால் பதில் தெளிவாக வரும்.

அந்த இரவுக்குத் திரும்பி வருகிறேன். நான் மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டதை மைத்துனருக்குத் தமிழில் சொன்னேன். மெட்ரோலாக் கணக்கைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் ஒரு காலத்தில் பால் எடுத்தவர்தானே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாதி கேட்டார். ஒன்பது என்றவர் ஏழு என்றார், பிறகு ஐந்து என்றார். நான்காவது முறை மருந்து போன பிறகு, நெற்றிச் சுருக்கம் விரிந்து, "மூணு" என்றார். தாதி அத்தோடு நிறுத்திக்கொண்டார். குழலில் இன்னும் 6 மில்லிலிட்டர் மிச்சம் இருந்தது.

அதன் பிறகும் அவர் போய்விடவில்லை. தூங்கத் தொடங்கியவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். எழுதிக்கொண்டார். பிறகு அவசியம் தீர்ந்ததும், மிஞ்சிய மருந்தை இன்னொரு தாதியின் கண் முன்னே அழித்து, எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு அழித்தோம் என்று பதிவேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள்.

மைத்துனர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாம கேட்டபடி முழுசும் போட்டிருந்தா என்னா ஆயிருக்கும் சார்?" என்று மெல்லக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரே கட்டிலருகே போய், மச்சானின் மூச்சை எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்.

நேயர்களே, அடுத்த முறை ஊசிக்குழலில் ஒரு கோடு மட்டும் நகரக் கண்டால், அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் காவலையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் பங்குக்கு, கேட்கும்போது உண்மையான எண்ணைச் சொல்லுங்கள்.